ரெட் மல்லட் மீன்: லிவோர்னோ முறையில், உடையாமல்

இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் இந்தச் செந்நிற மீனைத் தக்காளிச் சாற்றில் சமைக்கிறார்கள். நான்கு பேருக்குத் தலா 150 கிராம் எடையுள்ள மீன் 8, பழுத்த தக்காளி அரை கிலோ, பூண்டு 3 பல், பார்ஸ்லி ஒரு கைப்பிடி, ஆலிவ் எண்ணெய் 6 மேசைக்கரண்டி, உப்பு, மிளகு போதும்.

வாங்கும்போது முதுகின் முன்துடுப்பை விரித்துப் பாருங்கள். வரி இருந்தால் பாறை வகை. வரியின்றி நெற்றி செங்குத்தாக இறங்கினால் சேற்று வகை. பாறை வகையையே வாங்குங்கள்.

பெரிய மீனைத் தேடாதீர்கள். ரோமானியர்கள் எடைக்குத்தான் பணத்தைக் கொட்டினார்கள். திபேரியஸ் பேரரசர் சந்தைக்கு அனுப்பிய நாலரை ரோமன் பவுண்டு (சுமார் ஒன்றரை கிலோ) மீன் 5,000 செஸ்டர்ஸுக்கு (ரோமன் நாணயம்) போனதாக ரோமன் எழுத்தாளர் செனெகா எழுதுகிறார். ஆனால் 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன், பெரிய மீனின் சதையில் சுவையில்லை என்கிறார். வாங்கியவர்களுக்கு வேண்டியிருந்தது ஈரலும் தலையும்தான்.

மீனைத் தண்ணீருக்குள் வைத்து, செதிலை வாலிலிருந்து தலைப்பக்கம் விரலால் தள்ளினாலே வந்துவிடும். கத்தி வைத்தால் மெல்லிய தோல் கிழியும். செவுளையும் குடலையும் எடுங்கள். ஈரலை வயிற்றுக்குள்ளேயே விடுங்கள், சாற்றுக்கு ருசி அதிலிருந்துதான். பிறகு ஈரமில்லாமல் துடையுங்கள்.

சிறுதீயில் எண்ணெய், நசுக்கிய பூண்டு, பாதிப் பார்ஸ்லி. பூண்டு சிவக்கக் கூடாது, கசக்கும். தோலுரித்து மசித்த தக்காளியும் உப்பும் மிளகும் சேர்த்து, கரண்டியால் கோடு இழுத்தால் சட்டியின் அடி தெரியும்வரை வற்றவிடுங்கள். இங்கே அவசரப்பட்டால் எல்லாம் கெடும்: நீர்த்த சாற்றில் மீன் நெடுநேரம் கொதித்து, சதை முள்ளைவிட்டுக் கழன்றுவிடும்.

இனி மீன்களை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இடம் போதாவிட்டால் இரண்டாவது சட்டி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வேண்டாம். திருப்பவே கூடாது. மேல்பக்கம் வேக, சாற்றைக் கரண்டியால் மொண்டு ஊற்றி, மூடி, சிறுதீயில் 10 நிமிடம் விடுங்கள். அடிபிடிக்காமல் இருக்கக் கைப்பிடியைப் பிடித்துச் சட்டியை மெல்ல அசைத்தால் போதும். முதுகுத் துடுப்பு இழுத்தவுடன் கையோடு வந்தால் வெந்துவிட்டது. மீதிப் பார்ஸ்லியைத் தூவுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், தக்காளிப் புளிப்பில் இரும்பு வாடை ஏறும்.

சிலர் மாவில் புரட்டி முதலில் பொரிப்பார்கள். அதற்கு மீனைத் திருப்பியாக வேண்டும். முதல்முறை செய்பவர்களுக்கு அது வேண்டாம்.

பின்சேர்க்கை: உறைந்த மீன் என்றால் இரவு முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள். அதன் ஈரல் குழைந்திருந்தால் எடுத்துவிடுங்கள். நம் கரையில் கிடைக்கும் நவரை இதே குடும்பம். அதற்கும் இதே முறைதான்.