பழைய ஏர்-கூல்டு வேனில் ஹீட்டரைக் கழற்றுவது எப்படி?

ஹீட்டரைத் திறந்தாலே தலைவலிக்கிறது என்று வீட்டில் சொன்னபோது, பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று தட்டிக்கழித்தேன். ஒருநாள் அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் ஹீட்டர் பாக்ஸைக் குத்தினால், பிஸ்கட் மாதிரி உடைந்து உள்ளே போகிறது. அன்றே முடிவு செய்துவிட்டேன்.

என்னுடையது ஃபோக்ஸ்வாகன் டைப் 2, 1600 சிசி எஞ்சின். இதில் ரேடியேட்டர் இல்லை. எஞ்சின் ஃபேன் அடிக்கும் காற்றில் ஒரு பங்கு, புகைக்குழாயைச் சுற்றியுள்ள தகட்டுப் பெட்டிக்குள் (இதுதான் ஹீட்டர் பாக்ஸ்) போய்ச் சூடாகி முன்னால் வரும். உள்ளே இருக்கும் குழாய் ஓட்டையானால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் சேர்ந்தே வரும். அதற்கு வாடையே கிடையாது.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டுகள்மேல் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்க வேண்டாம். ஹீட்டர் கேபிள், காற்றுக் குழாய்கள், சைலன்சர் கிளாம்ப் எல்லாம் சுலபமாகவே வரும்.

அடுத்து சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் நட்டுகள், பக்கத்துக்கு இரண்டு. முதல்நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். ஓப்பன் ஸ்பேனர் வேண்டவே வேண்டாம். ஆறுமுனை சாக்கெட்தான் என் கட்சி. நட்டு இறுகினால் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். நட்டு மாட்டியிருக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) முறிந்தால் ஒரு மணி நேர வேலை ஒரு வாரமாகிவிடும்.

பாக்ஸ் இருந்த இடத்தில் புது கேஸ்கெட்டோடு ஜே பைப்பை, அதாவது ஹீட்டர் பெட்டி இல்லாத வெறும் புகைக்குழாயை, மாட்டுங்கள். செம்பு நட்டு போட்டால் அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். சிலிண்டருக்குக் கீழே விழும் இடைவெளியை மூடத் தனியாகத் தகடு கிடைக்கும், அதையும் வாங்கிவிடுங்கள்.

இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஃபேன் கூட்டில் ஹீட்டருக்குப் போகும் வாய்கள் இரண்டு உண்டு. அவற்றைத் திறந்தபடி விட்டால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று வீணாகும். அது எனக்குத் தெரியும், மூடி போட்டேன். ஆனால் எஞ்சின் அறையை அடிப்பக்கத்திலிருந்து பிரிக்கும் தகட்டிலும், ஹீட்டர் குழாய்கள் கீழே இறங்கிய இடத்தில், இரண்டு ஓட்டைகள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டேன். நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனதும் ஆயில் சூடு ஏறிக்கொண்டே போனது. ஓரங்கட்டி எஞ்சின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடுப்பனல் அடித்தது. ஒரு துண்டுக் காகிதத்தை அந்த ஓட்டைமேல் பிடித்தேன். படபடவென்று மேல்நோக்கி ஆடியது. சிலிண்டரைக் குளிர்வித்துச் சூடாகிக் கீழே போன காற்றை ஃபேன் மறுபடி மேலே இழுக்கிறது! தகடு வெட்டி ரிவெட் அடித்ததும் சூடு அடங்கியது. சிலர் அலுமினிய டேப் ஒட்டுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆயில் பட்டால் உரிந்துவிடும்.

அப்புறம், வண்டியின் அடியில் அறுந்து நிற்கும் குழாய்களின் வாயையும் மூடுங்கள். இல்லையென்றால் தூசியும் புகையும் உள்ளே வரும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், இருக்கிற எல்லாக் குழாயையும் பிடுங்கிவிட்டார். குளிர்காலையில் எஞ்சின் திணறுகிறதாம். ஏர் கிளீனருக்குச் சூடான காற்று கொண்டுபோகும் சின்னக் குழாய் வேறு, ஹீட்டர் குழாய் வேறு. ஈரக் குளிரில் கார்புரேட்டருக்குள் பனி கட்டாமல் காப்பது அதுதான், அதைத் தொடாதீர்கள்.

இன்னொருவர், முன்கண்ணாடியில் படியும் ஆவிக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார். ஹீட்டர் போனால் கண்ணாடிக்கு வரும் சூடான காற்றும் போய்விடும். நான் ஒரு துணி வைத்திருக்கிறேன், பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி ஓட்டுகிறேன். குளிர் அதிகமான ஊரில் இருப்பவர்கள் கழற்றவே வேண்டாம். நல்ல ஹீட்டர் பாக்ஸாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.