மிஸ்ஸி சொல்ற வரம்புக் கணக்கு

ஈசிஜி எடுக்கப் பழக வாற பிள்ளைகளை முதல் நாள் நான் மெஷினைத் தொட விடமாட்டன். "உன்ட நெஞ்சில விரலை வச்சு, ரெண்டாவது விலா எங்க எண்டு காட்டு மனே" என்பன். முக்கால்வாசிப் பேர் காறை எலும்புக்குக் கீழயிருந்து எண்ணத் தொடங்குவாங்க. பிழைக்கிற இடமே அதுதான். முதலாவது விலா காறை எலும்புக்குக் கீழ ஒளிஞ்சு கிடக்கு, விரலுக்குச் சரியா அகப்படாது.

தொண்டைக்குக் கீழ, ரெண்டு காறை எலும்புக்கும் நடுவில ஒரு பள்ளம் இருக்கு. மார்புப்பட்டை எண்ட நடுநெஞ்சு எலும்பின்ட மேல் விளிம்பு அது. நடுவிரலை அதில வச்சு, எலும்பை விட்டு விலகாம நேர கீழ இறக்குங்க. மூணு விரல் அகலம், கிட்டத்தட்ட 5 சென்ரிமீற்றர் போனதும் குறுக்கால ஒரு மேடு தட்டும். படுவான்கரை வயல்ல இருட்டுக்க நடக்கிறவன்ட காலுக்கு வரம்பு தெரியுமே, அப்படி. மார்புப்பட்டையின்ட மேல் துண்டும் நடுத்துண்டும் பொருந்துற மூட்டு அது. புத்தகத்தில லூயிஸ் கோணம். உள்ளுக்க மூச்சுக்குழாய் ரெண்டாப் பிரியிறதும் ஏறக்குறைய இந்த மட்டத்திலதான். உடம்பு பருத்த ஆக்களுக்கு கொஞ்சம் அழுத்தித் தேடணும், ஆனா இருக்கும்.

வரம்பிலயிருந்து விரலைப் பக்கத்துக்கு நகர்த்தினா ஏறுறது ரெண்டாவது விலா. அதுக்குக் கீழ உள்ள பள்ளம் ரெண்டாவது இடைவெளி. அப்படியே நாலாவது இடைவெளி வரைக்கும் இறங்குங்க. ஈசிஜி வயர் ஒட்டுற இடங்களுக்குத்தான் வீ1, வீ2 எண்டு பேர். மார்புப்பட்டைக்கு வலது ஓரம் வீ1, இடது ஓரம் வீ2. பிறகு ஐந்தாவது இடைவெளி, காறை எலும்பின்ட நடுவுக்கு நேர கீழ வீ4. வீ3, வீ2க்கும் வீ4க்கும் நடுவில வாறதால அதைக் கடைசியா ஒட்டுங்க. பொம்பிளையள் எண்டா கேட்டுட்டு, புறங்கையால மார்பைத் தூக்கி அடியில ஒட்டணும். வெக்கத்தில மேல ஒட்டினா எண்ணினதுக்கு அர்த்தமில்ல.

புதுசில நானும் கண்மட்டத்துக்கு ஒட்டினவதான். ஒரு இரவு டியூட்டி, வாழைச்சேனைப் பக்கத்து மீன்காரர் ஒருத்தர். டொக்டர் தாளைப் பார்த்துட்டு, "மிஸ்ஸி, எண்ணித்தான் போட்டீங்களா?" எண்டார். வீ1ல தேவையில்லாம ரெண்டாவது கொம்பு ஒண்டு எழும்பியிருந்தது. போய்ப் பார்த்தா வீ1, வீ2 ரெண்டும் ரெண்டாவது இடைவெளியில. கழட்டி ஒட்டக்குள்ள அந்த மனுசன், "என்ன புள்ள, எனக்கு ஏதும் பெரிசோ?" எண்டு கேட்டார். "உங்களுக்கில்ல ஐயா, எனக்குத்தான் கணக்குப் பிழை" எண்டன். அடுத்த தாள்ல கொம்பு இல்ல.

மார்புப்பட்டையின்ட அடிநுனிக்கும் ஒரு கதை இருக்கு. மெலிஞ்ச ஆக்கள் நெஞ்சாங்குழியில தடவிப் பார்த்து, கட்டி எண்டு பயந்து ஓடி வருவாங்க. இளவயசில அது கசியிழையம், அதாவது குருத்தெலும்பு. நாப்பது வயசளவில எலும்பாகத் தொடங்கும். சிலருக்கு நுனி ரெண்டாப் பிரிஞ்சும் இருக்கும். நோவோ வளர்ச்சியோ இருந்தா காட்டுங்க. இல்லாட்டி அது பிறந்ததிலயிருந்து உங்களோட இருக்கிற சாமான். ஒண்டு, இதயம் நிண்ட ஆளுக்கு நெஞ்சை அமத்தக்குள்ள கை இந்த நுனியில விழக் கூடாது. மார்புப்பட்டையின்ட கீழ்ப்பாதியில, நடுவில, உள்ளங்கையின்ட அடிப்பக்கத்தை ஊண்டுங்க.