மாறுகண் சிகிச்சையின் பலனை ஆய்வு செய்வது எப்படி?

அறுவை செய்துகொண்டவர்களில் இத்தனை சதவீதம் பேருக்குக் கண் நேரானது என்று ஒரு கட்டுரை சொன்னால், உடனே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அளந்தது யார்? எப்போது? எத்தனை டயாப்டர் (கண் விலகும் கோணத்தை அளக்கும் அலகு) வரை 'நேர்' என்று வைத்துக்கொண்டார்கள்? இந்த மூன்றில் ஒன்றை மாற்றினாலும் அதே நோயாளிகளின் வெற்றி விகிதம் ஏறும், இறங்கும். எனவே முதுநிலைத் தீசிஸாக இருந்தாலும் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிச் செய்யும் ஆய்வாக இருந்தாலும், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இவற்றை ஆய்வுத் திட்டத்தில் எழுதிவிடுங்கள். குழந்தைகளுக்கு விட்டுவிட்டு வரும் வெளிப்பக்க மாறுகண்ணை இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

எது வெற்றி?

பெரும்பாலான கட்டுரைகளில் விலகல் 10 பிரிசம் டயாப்டருக்குள் இருந்தால் வெற்றி (பிரிசம் என்பது ஒளியை வளைக்கும் முப்பட்டகக் கண்ணாடி). எந்தச் சோதனையில் 10 என்பதில்தான் சிக்கல். கண்களை மாற்றி மாற்றி மூடி அளந்தால் மறைந்திருக்கும் விலகலும் சேர்ந்து வெளியே வரும். நேராகப் பார்க்கும் கண்ணை மூடும் அதே கணத்தில், விலகிய கண்ணின் முன் பிரிசத்தை வைத்து அளந்தால் வெளியே தெரியும் விலகல் மட்டும் கிடைக்கும். ஒரு குழந்தைக்கு முதல் சோதனையில் 14, இரண்டாவதில் 0 என்று வரலாம். முதல் கணக்கில் அது தோல்வி, இரண்டாவது கணக்கில் வெற்றி. இரண்டையும் அளந்து பதியுங்கள். எது முதன்மை என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள்.

குழந்தைகளின் கண் நோய்களை ஆராயும் அமெரிக்காவின் பெடிக் (PEDIG) ஆய்வுக்குழு 2019இல் வெளியிட்ட முடிவு நல்ல முன்மாதிரி. 197 குழந்தைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு இரு கண்களிலும் வெளித்தசையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். இன்னொரு பிரிவுக்கு ஒரே கண்ணில் ஒரு தசையைத் தளர்த்தி மற்றதைச் சுருக்கினார்கள். வெளிவிலகல் 10 டயாப்டரோ அதற்கு மேலோ இருப்பது, நிலையான உள்விலகல் 6 அல்லது அதற்கு மேல் இருப்பது, அருகில் பார்க்கும்போதுள்ள ஆழ உணர்வு கணிசமாகக் குறைவது, மறு அறுவை என எல்லாவற்றையும் தோல்விக் கணக்கில் சேர்த்தார்கள். கோணத்தை மட்டும் பார்த்திருந்தால், கண் நேராகி ஆழ உணர்வை இழந்த குழந்தை வெற்றிப் பட்டியலில் போயிருக்கும்.

அளவெடுப்பது

ஆய்வு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். 6 மீட்டரிலும் 33 சென்டிமீட்டரிலும், கண்ணாடி போட்ட நிலையில் அளக்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லாதீர்கள். வெளிச்சப் புள்ளியைப் பார்க்கும்போது குழந்தை கண்ணைக் குவிப்பதில்லை, விலகல் மாறிவிடும். சிறு எழுத்தோ படமோ காட்டி, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே அளவெடுங்கள். ஒரு கண்ணை ஒரு மணி நேரம் மூடிவைத்துப் பிறகு அளந்தால் பல குழந்தைகளுக்குக் கோணம் கூடும். அறுவைக்கு முன் அப்படி அளந்துவிட்டு, பின்பு மூடாமல் அளந்தால் சிகிச்சை செய்யாத வேலையையும் அதன் கணக்கில் எழுதியதாகிவிடும்.

பெரிய கோணத்துக்கு 50 டயாப்டர் பிரிசத்தையும் 10 டயாப்டர் பிரிசத்தையும் ஒரே கண்ணின் முன் ஒரே திசையில் அடுக்கினால் 60 ஆகாது, அதைவிடக் கூடுதலாக வேலை செய்யும். இரண்டு கண்களுக்கும் பிரித்து வையுங்கள். படுக்கை வாட்டத்தில் ஒன்று, செங்குத்தாக ஒன்று என்றால் ஒரே கண்ணில் வைக்கலாம். வலுவான மைனஸ் கண்ணாடியும் கோணத்தைக் கூட்டிக் காட்டும். கேஸ் ஷீட்டில் பவரைக் கட்டாயம் குறித்துவையுங்கள்.

தேர்ந்தவர்கள் இருவர் அளந்தாலும் எண் மாறும். உள்மாறுகண் குழந்தைகளில் செய்த பெடிக் ஆய்வின்படி, 20க்கு மேற்பட்ட கோணத்தில் 12 டயாப்டர், 10 முதல் 20 வரை 6 டயாப்டர் மாறினால்தான் அது உண்மையான மாற்றம் என்று நம்பலாம். 35 இருந்தது 30 ஆனதை 'முன்னேற்றம்' என்று எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அளப்பவருக்கு எந்த அறுவை நடந்தது என்று தெரியக்கூடாது. அறுவை செய்தவரே அளப்பது அறவே கூடாது.

கண்ணை நேராக வைத்துக்கொள்ளும் கட்டுப்பாட்டையும் பதியுங்கள். 0 முதல் 5 வரையிலான மதிப்பெண்ணில், 30 விநாடியும் கண் விலகியே இருந்தால் 5. மூடித் திறந்ததும் ஒரு விநாடிக்குள் நேரானால் 0. ஒரே நாளில் மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். குழந்தை களைத்தால் மதிப்பெண் ஏறும், ஒரு தடவை பார்த்ததை நம்ப முடியாது.

ஆழ உணர்வை அளக்கும் சோதனைகளில், டிட்மஸ் வட்டங்களில் ஒற்றைக் கண்ணாலேயே ஊகிக்க இடமுண்டு. அதைவிட ரேண்டாட் பிரீஸ்கூல் சோதனை மேல். ஆழ உணர்வின் அளவான ஆர்க் செகண்ட் எண்களை லாக் அளவுக்கு மாற்றிய பிறகே சராசரி பார்க்க வேண்டும். பெரியவர்களானால், மாறுகண்ணால் வாழ்க்கை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்கும் ஏஎஸ்-20 வினாத்தாளைச் சேருங்கள். கோணம் சொல்லாத மனக்கூச்சத்தை அது சொல்லும்.

எப்போது, எத்தனை பேர்

வெளிமாறுகண்ணுக்கு அறுவை நிபுணர்கள் பலர் வேண்டுமென்றே சற்று உள்பக்கமாகத் திருப்பிவிடுவார்கள், பின்பு அது வெளியே நகரும். ஆறாவது வாரத்தில் கணக்கை முடித்தால் இந்த நகர்வே தெரியாது. குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் மூன்று. வராமல் போனவர்களை வெற்றி என்றும் தோல்வி என்றும் எண்ணாதீர்கள். கேப்லன்–மையர் என்ற புள்ளியியல் முறையில், கடைசியாக வந்த தேதி வரை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். அப்படியும், ஏன் வரவில்லை என்று தொலைபேசியில் விசாரிப்பது நல்லது. கண் நேரானதால் நின்றவர்களும் வேறு மருத்துவரிடம் போனவர்களும் ஒன்றல்ல.

மேலே சொன்ன 197 குழந்தைகள் ஆய்வில் மூன்றாண்டுத் தோல்வி இரு கண் அறுவைப் பிரிவில் 46, ஒரு கண் பிரிவில் 37 சதவீதமாக இருந்தும், அந்த வித்தியாசத்தைப் புள்ளியியல் ஏற்கவில்லை. அதே வித்தியாசம் உண்மையாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு (வலு) இருக்க வேண்டுமென்றால், பிரிவுக்கு ஏறத்தாழ 470 பேர் வேண்டும். தீசிஸுக்கு அறுபது பேர்தான் கிடைப்பார்கள் என்றால் இரண்டு அறுவைகளை ஒப்பிடும் ஆசையை விட்டுவிட்டு, ஒரே முறையில் கோணம் காலப்போக்கில் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். எண்ணிக்கை நோயாளிகளைக் கொண்டுதான், கண்களைக் கொண்டல்ல; அறுபது பேரை 120 கண்களாக்குவது தவறு.

இந்தியாவில் சிகிச்சையை ஒப்பிடும் சோதனையென்றால், மருத்துவ அறநெறிக் குழுவின் ஒப்புதலும் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவும் முதல் நோயாளிக்கு முன்பே வேண்டும். முடிவு அட்டவணையில் வெற்றி சதவீதத்தோடு நிற்காமல், ஒவ்வொரு வருகையிலும் கிடைத்த கோணத்தின் இடைநிலை அளவையும் வீச்சையும் கொடுங்கள். வேறு எல்லை வைத்துக் கணக்கிட விரும்புபவர்களுக்கு அதுதான் பயன்படும்.