படிப்பை விட்டவர்களுக்கு வகுப்பு நடத்துகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயது வந்தோர் வகுப்பு தொடங்கும் நாளில் இடம் நிறைந்திருக்கும். இரண்டாம் மாதம் பாதிப் பேர் இருப்பார்கள். கடைசியில் நாலைந்து பேர். என்ன ஆயிற்று என்று நடத்தியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும்: "அவங்களுக்கு ஆர்வம் இல்லீங்க."

இப்படிப்பட்ட வகுப்புகளில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன், சிலவற்றை நடத்தியும் இருக்கிறேன். ஆர்வம் இல்லாதவர் முதல் நாளே வந்திருக்க மாட்டார். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, நாலு பேர் பார்க்க ஒரு நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்பது வயதில் படிக்க வருவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அப்படி வந்தவரை நாம்தான் ஏதோ ஒரு விதத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறோம். அதை எப்படிச் செய்கிறோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முறைசாராக் கல்வி என்றால் திட்டம் இல்லாத கல்வி என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. பள்ளிக்கூடத்துக்கு வெளியே நடப்பதுதான் என்றாலும் இலக்கு, பாடம், நேரம் எல்லாம் யோசித்து அமைக்கப்பட்ட கல்வி இது. உலகத்தில் இன்றும் 70 கோடிக்கும் அதிகமான பெரியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். பாதியில் படிப்பை நிறுத்திய இளைஞர்களையும் சேர்த்தால் இதன் தேவை எவ்வளவு பெரியது என்பது புரியும்.

ஒன்றும் தெரியாதவர் என்று தொடங்குவது

நான் செய்த முதல் தவறு இதுதான். கரும்பலகையில் 1 முதல் 10 வரை எழுதி, எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொன்னேன். நாற்பதைத் தாண்டிய ஒரு அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. எண்களே தெரியாதோ என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பு முடிந்து எழுந்தபோது பக்கத்தில் இருந்தவர் அவரிடம், "அக்கா, ஆயிரத்து எழுநூத்தி ஐம்பதை ஏழு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு வரும்?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "இருநூத்தி ஐம்பது" என்றார் அந்த அம்மா. நானாக இருந்தால் தாளும் பேனாவும் தேடியிருப்பேன்.

அவருக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். தெரியாதது 2, 5, 0 என்ற குறிகள் மட்டும்தான். அவரைப் போய் "ஒன்று, இரண்டு" என்று ஒப்பிக்கச் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதனால் முதல் நாள் பாடமே எடுக்காதீர்கள். ஒவ்வொருவரோடும் கால் மணி நேரம் பேசுங்கள். பேருந்து எண்ணைப் படிக்க முடிகிறதா? செல்போனில் பெயரைப் பார்த்து அழைக்கிறாரா, அல்லது படத்தையோ எண்ணின் கடைசி இலக்கத்தையோ அடையாளமாக வைத்திருக்கிறாரா? கையெழுத்துப் போடத் தெரியுமா? மனக்கணக்கு எந்த அளவுக்கு வரும்? எட்டாம் வகுப்போடு நின்ற பையன் சரளமாகப் படிப்பான், ஒரு பத்தி எழுதச் சொன்னால் விழிப்பான். மூன்றாம் வகுப்போடு நின்ற பெண்ணுக்கு எழுத்தெல்லாம் தெரியும், கூட்டிப் படிக்க மட்டும் வராது. இவர்கள் எல்லோரையும் 'படிக்காதவர்கள்' என்று ஒரே பாயில் உட்கார வைத்தால் பாதிப் பேருக்கு அலுப்பு, பாதிப் பேருக்கு பயம்.

குழந்தைப் புத்தகத்தைக் கையில் கொடுப்பது

இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தையே பெரியவர்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். பொம்மையும் பலூனும் வரைந்த புத்தகத்தை மூன்று பிள்ளைகளைப் பெற்றவர் வீட்டில் விரித்து வைத்துப் படிப்பாரா? படிக்க மாட்டார், ஒளித்து வைப்பார். ஒளித்து வைத்த புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. பேச்சிலும் இதே தவறு நடக்கிறது. இருபது வயதுத் தன்னார்வலர் ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து "சமத்தா எழுதணும்" என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். பாராட்டத்தான் சொன்னார். அடுத்த நாள் அந்த ஐம்பது வயதுக்காரர் வரவில்லை.

1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளரின் குழு ஏறக்குறைய 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. இந்தத் துறைக்கு வரும் எல்லோர் காதிலும் விழும் கதை இது. அந்த '40 மணி நேரம்' பலரைப் பிடித்துக்கொள்கிறது. "40 மணி நேரத்தில் எழுத்தறிவு" என்று துண்டறிக்கை அடித்து மக்களை அழைக்கிறார்கள். வகுப்புக்கு முன்பு அந்தக் குழு செய்த வேலையை யாரும் சொல்வதில்லை. ஊருக்குள் போய், மக்கள் தினமும் புழங்கும் சொற்களைச் சேகரித்து, அவற்றிலிருந்து சில சொற்களைப் பொறுக்கி எடுத்துத்தான் பாடம் அமைத்தார்கள். செங்கல் சுமப்பவருக்குச் செங்கல் என்ற சொல்லே முதல் பாடம். அதைப் பற்றிப் பேசிவிட்டு, அசை அசையாகப் பிரித்து, அந்த அசைகளை வைத்துப் புதுச் சொற்களைக் கட்டினார்கள். அந்த முன்தயாரிப்பை விட்டுவிட்டு மணிக்கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

தமிழில் கற்பிப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் எழுத்துகள் 247. அவற்றை வரிசையாக முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவேன் என்று அடம்பிடித்தால் 'ஙௌ' வரைக்கும் போக வேண்டியிருக்கும். அந்த எழுத்தை வாழ்நாளில் யார் எங்கே எழுதப் போகிறார்கள்? அவர் பெயர், பிள்ளைகள் பெயர், ஊர்ப் பெயர், தொழிலில் வரும் சொற்கள் என்று தொடங்கினால் முதல் வாரத்திலேயே ஒரு முழுச் சொல்லைத் தானாகப் படித்துவிடுவார். துணைக்காலும் கொம்பும் எப்படி வேலை செய்கின்றன என்று பிடிபட்டுவிட்டால் மற்ற எழுத்துகளை அவரே கண்டுபிடிப்பார்.

கண்ணைக் கவனிக்காமல் விடுவது

இதை எந்தக் கையேட்டிலும் பெரிதாகப் போடுவதில்லை. எனக்குத் தெரிந்து அதிகம் பேரைத் திருப்பி அனுப்பிய தவறு இதுவாகத்தான் இருக்கும். நாற்பது வயதையொட்டி எல்லோருக்கும் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் மெல்ல மங்கத் தொடங்கும். படித்துப் பழகியவர் உடனே அதைக் கண்டுபிடித்துக் கண்ணாடி வாங்கிவிடுவார். அச்செழுத்தையே பார்க்காதவருக்குத் தன் பார்வை மங்கியது எப்படித் தெரியும்? புத்தகத்தைத் திறக்கிறார், எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிகிறது. மற்றவர்களுக்கும் அப்படித்தான் தெரியும், அவர்களுக்குப் புத்தி இருக்கிறது, நமக்கு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்.

புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறாரா, விளக்குக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்காருகிறாரா, சீக்கிரமே தலைவலி என்கிறாரா என்று பாருங்கள். வகுப்பு தொடங்கும் வாரத்திலேயே கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். எழுத்தைப் பெரிதாக அச்சிடுங்கள், நல்ல வெளிச்சம் வையுங்கள். "எனக்கு மண்டையில ஏறாதுப்பா" என்று நாலு மாதம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பிறருடைய படிக்கும் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்த நாளில் ஒரு வரியைத் தடவித் தடவிப் படித்து முடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

கைக்கும் இதே கவனிப்பு வேண்டும். மண்வெட்டி பிடித்த விரல்களுக்குப் பென்சில் ஒரு விநோதமான பொருள். முதல் சில வாரங்களில் படிப்பதற்கு நேரம் அதிகமாகவும் எழுதுவதற்குக் குறைவாகவும் வைத்தால் கை தானாகப் பழகும்.

கையெழுத்தோடு முடித்துக்கொள்வது

கைநாட்டு வைத்தவர் கையெழுத்துப் போட்டதும் படம் எடுத்து, சான்றிதழ் கொடுத்து, வகுப்பை மூடிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பெயரைத் தவிர மற்றதெல்லாம் மறந்திருக்கும்.

ஏன் மறக்கிறது? எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கும் நிலையில் இருப்பவர் வரியின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் நினைவிலிருந்து நழுவிவிடும். படித்தார், ஆனால் என்ன படித்தார் என்று அவருக்குப் புரியவில்லை. புரியாத வேலையை யார்தான் தொடர்ந்து செய்வார்கள்? பார்த்ததும் சொல் மனதில் படும் வேகம் வரும்வரை பயிற்சி தொடர வேண்டும். சின்னச் சின்னப் பத்திகளைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுப் படிக்க வைப்பது அலுப்பாகத் தோன்றும். அதுதான் பலன் தரும்.

கியூபாவின் 1961 எழுத்தறிவு இயக்கத்தில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் ஒரே ஆண்டில் எழுத்தறிவு பெற்றார்கள். பதின்வயதுப் பிள்ளைகள் லாந்தர் விளக்கோடு கிராமங்களுக்குப் போய்க் கற்பித்த கதை எல்லோருக்கும் பிடித்தமானது. அதற்கடுத்து அங்கே தொடர்கல்வி வகுப்புகளைத் தொடங்கி, பெரியவர்களை ஆறாம் வகுப்பு அளவுக்குக் கொண்டுபோகப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 1970களில் தான்சானியாவும் புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கென்றே கிராமப்புறச் செய்தித்தாள்களையும் நூலகங்களையும் நடத்தியது. வகுப்பு முடிந்த பிறகு படிப்பதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். உங்கள் திட்டத்தில் மொத்தச் செலவையும் முதல் ஆறு மாதத்துக்கே ஒதுக்கியிருந்தால் இப்போதே மாற்றி எழுதுங்கள்.

நம் வசதிக்கு நேரம் குறிப்பது

மாலை ஆறு மணி கற்பிப்பவருக்கு வசதி. வீட்டில் அடுப்படி வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. நேரத்தை வருபவர்களே முடிவு செய்யட்டும். கைக்குழந்தையோடு வருபவருக்கு இடம் கொடுங்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் இன்னும் நல்லது. வேலை மும்முரமான மாதங்களில் வகுப்புக்கு விடுமுறை அறிவித்துவிடுங்கள். அறிவித்த விடுமுறைக்குப் பிறகு திரும்பி வருவது எளிது. தானாக நின்றுவிட்டவருக்குக் கூச்சம் வந்துவிடும்.

தொழில் மட்டும் போதும் என்று எண்ணுவது

யுனெஸ்கோ 1967 முதல் 1973 வரை 11 நாடுகளில் எழுத்தறிவுப் பரிசோதனைத் திட்டம் ஒன்றை நடத்தியது. எழுத்தறிவைத் தொழிலோடும் உற்பத்தியோடும் இணைத்துக் கற்பிப்பதே அதன் அடிப்படை. 1976இல் வந்த மதிப்பீடு, மனிதரை வெறும் உற்பத்திக் கருவியாகப் பார்த்துப் பாடத்தைக் குறுக்கியது ஒரு முக்கியக் குறை என்று சுட்டியது. தொழில்பயிற்சி வேண்டும்தான். ஆனால் ஏன் படிக்க வந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேத்திக்குக் கதை வாசிக்க வேண்டும், மருந்துச் சீட்டைப் படிக்க வேண்டும், தூரத்தில் இருக்கும் மகன் அனுப்பும் செய்தியை வேறொருவர் கையில் கொடுக்காமல் தானே படிக்க வேண்டும் என்பார்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோது நான் பாடத்திட்டத்தையே மாற்றினேன்.

இளைஞர்களுக்குச் சான்றிதழ் விஷயத்தில் உறுதி சொல்லாதது

பதினெட்டு வயதில் திரும்பி வருபவனுக்கு முதல் கேள்வியே "இந்தச் சர்டிஃபிகேட்டை ஏத்துப்பாங்களா?" என்பதுதான். அது நியாயமான கேள்வி. மேற்படிப்புக்கும் வேலைக்கும் அது செல்லுமா, தேர்வை நடத்துவது யார், பாடம் பாடமாக எழுதலாமா, எத்தனை முறை எழுதலாம் என்பதையெல்லாம் சேர்க்கும் முன்பே விசாரித்து எழுத்தில் கொடுங்கள். பழைய பள்ளிச் சான்று, பிறந்த தேதி ஆவணம், பெயரில் இருக்கும் எழுத்து வேறுபாடு ஆகியவற்றை முதல் மாதமே சரிபாருங்கள். வருடம் முழுக்கப் படித்துவிட்டு, பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காகத் தேர்வு எழுத முடியாமல் திரும்பிய பையனை எனக்குத் தெரியும். அதன் பிறகு அவன் வரவே இல்லை.

முடிந்தால் இளைஞர்களுக்குத் தனி வகுப்பு வையுங்கள். அம்மா வயதுக்காரர்கள் முன்னால் தப்பாகப் படிக்க இளைஞர்களுக்கு வெட்கம், சின்னப் பையன்கள் முன்னால் திணறப் பெரியவர்களுக்கு வெட்கம்.

வராதவரைப் பேரேட்டிலிருந்து அடித்துவிடுவது

மூன்று வாரம் வராதவரின் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போடும் பழக்கம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. பெரியவர்கள் நின்று நின்றுதான் படிப்பார்கள். உடம்பு சரியில்லை, வேலைக்கு வெளியூர், வீட்டில் சண்டை என்று ஆயிரம் இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரும்படி பாடங்களைச் சிறு பகுதிகளாகப் பிரித்து வைத்திருங்கள். வராதவரின் வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய், காரணம் கேட்காமல், "உங்க நோட்டு எங்ககிட்டயேதான் இருக்கு, எப்ப வேணும்னாலும் வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். நான் அப்படிச் சொல்லிவிட்டு வந்த ஒருவர் ஏழு மாதம் கழித்து வந்தார். வாசலில் நின்றபடி, "அந்த நோட்டு இருக்கா?" என்றுதான் கேட்டார். அலமாரியில் இருந்தது.