ஊழியர்கள் தம் அறிவைப் பகிர வேண்டுமானால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில் சர்க்கரை ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, இன்று 3 மட்டுமே இயங்குகின்றன. அங்கு மூத்தவர்கள் ஓய்வு பெறும்போது, பல்லாண்டுக் கைப்பழக்கமும் அவர்களோடு போய்விடுகிறது. இதைத் தடுக்க நினைக்கும் மேலாளர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, தெரிந்ததையெல்லாம் எழுதித் தரும்படி கேட்பதுதான். அது பயன் தராது. கொப்பரையில் சர்க்கரைப் படிகம் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதைத் தேர்ந்த தொழிலாளி, மாதிரியைக் கண்ணாடித் தகட்டில் தடவி வெளிச்சத்தில் பார்த்தும் விரல்களுக்கிடையே தேய்த்தும் அறிகிறார். இத்தகைய அறிவை முழுமையாகச் சொற்களில் அடக்க இயலாது என்பதை தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி 1966-லேயே விளக்கியிருக்கிறார்.

அடுத்த தவறு, பகிர்வுக்குப் பணம் தருவதாக அறிவிப்பது. 1990-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர்கள், தாங்கள் கண்டறிந்த தீர்வுகளைப் பொதுத் தொகுப்பில் சேர்த்தபோது அவர்கள் விரும்பியது ஊக்கத்தொகையை அல்ல. ஒவ்வொரு குறிப்பும் எழுதியவரின் பெயரோடு வெளிவர வேண்டும் என்பதையே. சக தொழிலாளர்கள் சரிபார்த்த பிறகே குறிப்புகள் தொகுப்பில் சேர்ந்தன. ஆகவே அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்தது. கொரிய நிறுவனங்களில் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஓர் ஆய்வும், வெகுமதியை எதிர்பார்ப்பது பகிரும் மனப்பான்மையைக் குறைக்கவே செய்கிறது என்று கண்டது. மற்றவரின் பாராட்டையும் நம்பிக்கையையும் பெறுவதற்காகத் தரப்படும் ஒன்றை விலை பேசினால், அது வெறும் கூலி வேலையாகிவிடுகிறது.

தெரிந்தவர் வேண்டுமென்றே மறைக்கிறார் என்று குற்றம் சாட்டுவதை நான் மிகவும் கண்டிக்கிறேன். ஆலை மூடலையும் விருப்ப ஓய்வுத் திட்டத்தையும் கண்ட குடும்பங்களில் வளர்ந்தவர், எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டால் தம்மை அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சுவது நியாயமே. எனவே ஆட்குறைப்புப் பேச்சு நடக்கும் வேளையில் இத்தகைய முயற்சியைத் தொடங்கக் கூடாது. வேலைக்கு உறுதி தந்த பிறகே கேட்க வேண்டும்.

கேட்பவரின் நிலையும் மறக்கப்படுகிறது. மேலாளர் முன்னிலையில், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டால் மதிப்பு குறையும் என்று இளையவர் நினைக்கும் இடத்தில், சொல்ல ஆள் இருந்தும் கேட்க ஆள் இருப்பதில்லை. தவறை வெளிப்படையாகப் பேசத் தயங்காத குழுக்களே அதிகம் கற்கின்றன என்பதை மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் காட்டினார்.

இதற்கெனத் தனி நேரம் ஒதுக்காமல் விடுவதும் தவறுதான். கரும்பு வெட்டும் பருவம் முழுவதும், ஏறத்தாழ ஜூன் முதல் டிசம்பர் வரை, இளையவர் ஒருவரை மூத்தவரின் பக்கத்திலேயே நிற்க வைத்து, அந்த இளையவரின் மற்ற வேலைகளை வேறொருவருக்கு மாற்றித் தர வேண்டும்.