முதல் வீடு வாங்கும்போது ஆவணங்களைச் சரிபார்ப்பது எப்படி? பணம் எப்போது கைமாற வேண்டும்?

இடம் பிடித்துப்போகிறது. "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று தரகர் அவசரப்படுத்துகிறார். அன்று மாலையே ஒரு லட்சம் டோக்கன் அட்வான்ஸ் கைமாறுகிறது. பிறகு வழக்கறிஞர் பத்திரத்தில் ஒரு குறையைச் சொன்னாலும் மனசு கேட்பதில்லை. கொடுத்த பணம் இழுக்கிறது. முதல் வீடு வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். தமிழ்நாட்டில் மனை, தனி வீடு, அடுக்குமாடி என எதை வாங்கினாலும் ஆவண நகல்கள் முதலில், பணம் பிறகு. நகல் தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

விலை 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதமும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் உச்சவரம்பு. ஆக அதிகபட்சம் 40 லட்சம் கிடைக்கும். 10 லட்சம் உங்கள் கைப்பணம். பத்திரச் செலவு தனி. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதம், அதாவது 4.5 லட்சம். கட்டுநரிடமிருந்து முதன்முறையாக வாங்கும் புது அடுக்குமாடி வீட்டுக்கு மட்டும் தீர்வை குறைவு: 50 லட்சம் வரை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம். வழக்கறிஞர், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அடமானப் பதிவு, பெயர் மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து இன்னொரு லட்சத்தை விழுங்கும். 16 லட்சம் இல்லாமல் 50 லட்ச வீட்டுக்கு இறங்கினால் நடுவில் நகைக் கடனுக்கு ஓட வேண்டியிருக்கும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வங்கி நீங்கள் பேசிய விலையைப் பார்ப்பதில்லை. அதன் மதிப்பீட்டாளர் சொல்லும் தொகை, ஒப்பந்த விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். மதிப்பீடு 45 லட்சம் என்றால் 80 சதவீதக் கணக்கில் கடன் 36 லட்சம். திடீரென்று 4 லட்சம் துண்டு விழும். அட்வான்ஸுக்கு முன்பே வங்கியிடம் சொத்தின் மதிப்பீட்டையும் கேட்டு ஒப்புதல் வாங்கிவைப்பது இதற்காகத்தான்.

40 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 34,700 ரூபாய்; மொத்த வட்டி மட்டும் 43 லட்சத்தைத் தாண்டும். தனிநபரின் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டுங்கள்.

வில்லங்கச் சான்று: எந்த எண்ணில் தேடுவது?

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியலை, நீங்களே பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். தவறு நடப்பது தேடும் எண்ணில்தான்.

சொத்தின் இன்றைய சர்வே எண் 124/2ஏ1 என்று இருக்கட்டும். அந்த எண்ணை மட்டும் போட்டால், உட்பிரிவு செய்த பிறகு நடந்த பதிவுகள்தான் வரும். அதற்கு முன் நிலம் 124/2 ஆக இருந்தபோது யாரோ அடமானம் வைத்திருக்கலாம். 124/2ஏ ஆக இருந்தபோது வேறொருவருக்குக் கிரய ஒப்பந்தம் போட்டிருக்கலாம். ஆகவே 124/2, 124/2ஏ, 124/2ஏ1 மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். பழைய சர்வே எண் வேறாக இருந்தால் அதிலும் தேட வேண்டும். கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்ததா என்பதையும் கேளுங்கள். சென்னைப் புறநகரில் அலுவலகங்கள் பலமுறை பிரிந்திருப்பதால், அந்த ஆண்டுகளின் பதிவுகள் பழைய அலுவலகத்தின் பெயரில் கிடக்கலாம்.

'வில்லங்கம் இல்லை' என்று வந்தாலும் அது பதிவான வில்லங்கம் இல்லை என்பது மட்டுமே. பதிவு செய்யாத உயில், நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கு, அசல் பத்திரத்தைத் தனியாரிடம் கொடுத்து வாங்கிய கடன் எதுவும் அதில் தெரியாது. விற்பவர் பெயரை நீதிமன்றங்களின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். அசல் பத்திரங்களை நேரில் காட்டச் சொல்லுங்கள். நகல் மட்டும் காட்டி 'அசல் ஊரில் இருக்கிறது' என்றால் அசல் வேறெங்கோ அடகில் இருக்க வாய்ப்புண்டு.

தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றுவரை

தாய்ப் பத்திரத்தில், அதாவது சொத்தின் மூலப் பத்திரத்தில் தொடங்கி ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: யார், யாருக்கு, எந்த ஆண்டு, எத்தனை சதுர அடி, என்ன வகைப் பத்திரம். வாங்கியவரே அடுத்த வரியில் விற்பவராக வர வேண்டும். எங்காவது பெயர் தாவினால் நடுவில் ஒரு மரணமோ விடுதலைப் பத்திரமோ (ஒரு பங்குதாரர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்) இருந்தாக வேண்டும்.

அதிகம் அறுபடுவது வாரிசு கட்டத்தில். இந்துக் குடும்பங்களில் தந்தை உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் 1956 சட்டப்படியே சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லும், மத்தியத் திருத்தம் 2005-லும் மகள்களுக்குப் பங்கு தந்தன. அண்ணன் தம்பி இருவர் மட்டும் கையெழுத்திட்ட பாகப்பிரிவினைப் பத்திரம் கண்ணில் பட்டால், வாரிசுச் சான்றிதழை எடுத்து அக்கா தங்கைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். 'அவங்களுக்குச் சீர் செஞ்சாச்சு' என்பது நீதிமன்றத்தில் செல்லாது. ஒவ்வொருவரும் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் தர வேண்டும், அல்லது உங்கள் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவரும் வாரிசுதான். மைனருக்குப் பங்கு உள்ள சொத்தைக் காப்பாளர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை 18 வயது நிரம்பி 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம்.

பவர் ஏஜென்டிடம், அதாவது உரிமையாளர் விற்கும் அதிகாரம் எழுதிக்கொடுத்தவரிடம், வாங்குவதாக இருந்தால் பவர் பதிவாகியிருக்கிறதா, ரத்தாகவில்லையா, எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவரிடமே பேசிவிடுவது நல்லது. அவர் இறந்தால் பவரும் பொதுவாகக் காலாவதிதான்.

பட்டாவும் அளவும்

பட்டா, ஏ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் கிடைக்கும். ஏ-பதிவேட்டில் புறம்போக்கு (அரசு நிலம்), மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்), அனாதீனம் (உரிமை கோரப்படாத நிலம்), ஏரி உள்வாய் என்று எதுவும் இருக்கக் கூடாது. பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கியது), கோயில் நிலம், வக்பு நிலம் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏரில் இருக்கும். பத்திரத்தில் சதுர அடியிலோ செண்டிலோ இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி. ஒரு செண்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்ட் 2,400. பத்திரத்தில் 1,200 சதுர அடி, பட்டாவில் 1.00 ஏர் என்றால் 124 சதுர அடி எங்கே என்று விற்பவர்தான் சொல்ல வேண்டும்.

பத்திரத்தின் நான்கு பக்க அளவுகளையும் நீங்களே பெருக்கிப் பாருங்கள். 'கிழமேல் வடபுறம் 30 அடி, தென்புறம் 27 அடி, தென்வடல் இருபுறமும் 40 அடி, ஆக 1,200 சதுர அடி' என்று எழுதியிருப்பார்கள். சராசரி 28.5 அடி, 40-ஆல் பெருக்கினால் 1,140தான். சதுர அடி 4,000 ரூபாய் என்றால் இல்லாத 60 சதுர அடிக்கு 2.4 லட்சம் கொடுக்கிறீர்கள். பிறகு சர்வேயரை வைத்துக் கல் ஊன்றிப் பாருங்கள். பக்கத்து மனைக்காரரின் காம்பவுண்ட் ஓரடி உள்ளே வந்திருப்பது அப்போதுதான் தெரியும்.

மனைக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி வேண்டும். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்பது மனைப்பிரிவு அனுமதியே அல்ல. வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளுக்குத்தான். அதன் பிறகு பிரித்த மனையை 'அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்' என்றால் நம்பாதீர்கள்.

அடுக்குமாடி என்றால்

பிரிக்கப்படாத நிலப்பங்கை, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் வீட்டுக்கான பங்கை, கணக்குப் போடுங்கள். 4,800 சதுர அடி நிலத்தில் ஒரே அளவில் 8 வீடுகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 600 வர வேண்டும். பத்திரத்தில் 450 என்றிருந்தால் மீதி 1,200 சதுர அடி கட்டுநர் பெயரிலோ நில உரிமையாளர் பெயரிலோ தங்கியிருக்கிறது. நாளை இடித்துக் கட்டும்போது பங்கு கேட்டு வருவார்கள். வரைபட அனுமதியில் எத்தனை தளம், கட்டியிருப்பது எத்தனை என்று எண்ணுங்கள். மொட்டைமாடியில் கூடுதலாக எழுப்பிய வீடுதான் வழக்கமாக மலிவாக விற்பனைக்கு வரும்.

கட்டிக்கொண்டிருக்கும் திட்டம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை ஆணையத்தின் தளத்தில் சரிபாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம், அல்லது 8-க்கு மேல் வீடுகள் என்றால் பதிவு கட்டாயம். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. விலையைக் கார்ப்பெட் ஏரியாவில், அதாவது சுவர்களுக்கு உள்ளே பயன்படுத்தும் தரைப் பரப்பில், கேளுங்கள். விளம்பரத்தின் 1,000 சதுர அடி உள்ளே 700, 750 ஆகச் சுருங்குவது சகஜம். கட்டி முடித்து நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. கட்டும் நிலையில் 5 சதவீதம், மலிவு விலைப் பிரிவுக்கு 1 சதவீதம்.

'பேங்க் லோன் தருது, அப்ப டாக்குமென்ட் கிளியர்தான்' என்ற பேச்சு எங்கும் உண்டு. வங்கி வழக்கறிஞர் வங்கியின் கடனுக்குக் காவல். உங்கள் 16 லட்சத்துக்கு அல்ல. சொந்தமாக ஒரு வழக்கறிஞரை வைத்து, எழுத்தில் கருத்துரை வாங்குங்கள்.

இடத்தை எப்போது பார்ப்பது?

ஐப்பசி, கார்த்திகையில் கனமழைக்கு மறுநாள் ஒருமுறை போங்கள். மழைக்காலம் இல்லையென்றால் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் நிற்கிறது, அக்கம்பக்கத்தில் மின் மீட்டரை மேலே ஏற்றியிருக்கிறார்களா, வாசலைச் சாலையைவிட எத்தனை படி உயர்த்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவர் தரகரைவிட உண்மை சொல்வார். சித்திரையில் தண்ணீர் லாரி வருகிறதா, போர் எத்தனை அடி என்பதையும் அவரிடமே கேட்கலாம்.

ஒப்பந்தமும் பதிவும்

எல்லாம் சரியென்றால் கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் இதைப் பதிவு செய்வது 2012-லிருந்து கட்டாயம். பதிவானால் வில்லங்கத்தில் ஏறிவிடும், விற்பவர் இன்னொருவருக்கு விற்பது கடினம். கெடு தேதி, மீதித் தொகை, அசல் ஆவணங்களின் பட்டியல், காலி செய்து தரும் நாள் எல்லாம் எழுதுங்கள். ஆவணக் குறையால் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும் என்ற வரியும் அவசியம். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். சொத்துக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிக்கவில்லை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் தொகையில் பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விகிதம் மிக அதிகம். அதற்கு ஆடிட்டரைக் கேளுங்கள்.

விற்பவருக்கு ஏற்கெனவே கடன் இருந்தால் அது அடைந்தது மட்டும் போதாது, கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீதுப் பத்திரம் பதிவாகி வில்லங்கத்தில் ஏற வேண்டும். இல்லையென்றால் நாளை நீங்கள் விற்கும்போது பழைய அடமானம் அப்படியே நிற்கும்.

பதிவான சில நாட்களில் புது வில்லங்கச் சான்று எடுத்து உங்கள் பெயர், சர்வே எண், பரப்பு மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். உட்பிரிவு தேவைப்பட்டால் பட்டா மாற்றத்துக்கு சர்வேயர் வர வேண்டும். கட்டணம் கட்டிய ரசீதை வைத்துப் பின்தொடருங்கள். சொத்து வரி, குடிநீர், மின் இணைப்புப் பெயர் மாற்றங்களையும் அதே மாதத்தில் முடியுங்கள். பத்திரத்தில் எழுத்துப் பிழை இருந்தால் பிழைத்திருத்தலுக்கு விற்றவரும் கையெழுத்திட வர வேண்டும். அவர் நம் போனை எடுக்கும் காலத்திலேயே அதைச் செய்துவிட வேண்டும்.