முன்னாள் படைவீரர் சங்கங்களில் உடை, பதக்கம், முத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 7 கொடிநாளிலும், இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கே. எம். கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற தேதியை நினைவுகூர்ந்து ஜனவரி 14 அன்று கொண்டாடப்படும் முன்னாள் படைவீரர் நாளிலும், நம் ஊர்ச் சங்கங்களில் பிளேசரும் பெரட் தொப்பியும் மெடல்களும் அணிந்த வரிசைகளைக் காண்கிறோம். அந்த வரிசையில் தென்படும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்திலிருந்து பிறக்கின்றன. சங்கம் என்பது பதிவுச் சட்டத்தின் கீழ் இயங்கும் குடிமக்கள் அமைப்பு; அது படைப்பிரிவு அன்று. படையில் ஒருவர் ஈட்டியது அவருடன் வீட்டுக்கு வருகிறது. படைக்கு உரியது படையிலேயே தங்கிவிடுகிறது. எது எந்த வகை என்று தெரியாமல் போகும்போதுதான் தவறு நேர்கிறது.

முதல் தவறு, விழாவுக்குப் போர்ச்சீருடையில் வருவது. பணியிலிருந்தபோது அணிந்த துணிதானே என்று பலர் எண்ணுகிறார்கள். 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்திருந்ததால், அந்த வடிவத் துணிகளைப் பொதுமக்கள் அணியவும் கடைகள் விற்கவும் வேண்டாம் என்று ராணுவம் வேண்டுகோள் விடுத்தது. 2022 ஜனவரி 15 ராணுவ தின அணிவகுப்பில் அறிமுகமான புதிய போர்ச்சீருடையின் வடிவத்துக்கு அறிவுசார் சொத்துரிமைப் பதிவும் பெறப்பட்டுள்ளது. அதை வெளிச்சந்தையில் விற்பது சட்டத்துக்குப் புறம்பானது. இதற்கு மேல், பணியில் இல்லாத ஒருவர், பணியில் இருப்பவராகப் பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்துடன் படைவீரரின் உடையையோ அடையாளத்தையோ அணிந்தால், குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். எண்ணம்தான் குற்றத்தை நிர்ணயிக்கிறது என்பது உண்மை. ஆனால் சுங்கச்சாவடியில் நிற்கும் காவலரிடம் அந்த எண்ணத்தை விளக்கிக்கொண்டிருக்கும் நிலையை ஏன் வரவழைக்க வேண்டும்? பிளேசர், ரெஜிமென்ட் டை, பெரட் ஆகியவையே போதுமானவை. அவற்றில் ஒரு தனி மிடுக்கும் உண்டு.

பதக்கங்களில்தான் பிழை அதிகம். பெற்றவர் தம் பதக்கங்களை இடது மார்பில் அணிய வேண்டும். வரிசையில் உயர்ந்தது நெஞ்சின் நடுப்பகுதிக்கு அருகில், அதாவது சட்டைப் பித்தான்களின் பக்கம் வர வேண்டும். மற்றவை இடது தோள் நோக்கிச் செல்லும். எதிரில் நின்று பார்ப்பவருக்கு உயர்ந்த பதக்கம் அவருடைய இடக்கைப் பக்கம் முதலாவதாகத் தெரியும். ஒரு தாலுகா சங்கக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவரின் மெடல் வரிசை முழுவதும் தலைகீழாக இருந்ததைக் கண்டு விசாரித்தேன். நண்பர் ஒருவர் எடுத்த செல்ஃபியைத் தையல்காரரிடம் காட்டி அதன்படியே தைக்கச் சொல்லியிருக்கிறார். கண்ணாடி பிம்பம் போல இடவலம் மாறிப் பதிவான படத்தைத் தையல்காரர் அச்சுப் பிசகாமல் பின்பற்றிவிட்டார். அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

வரிசை முன்னுரிமையை நிறத்தையும் பளபளப்பையும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஐ.நா. அமைதிப்படையில் பணியாற்றியதற்காகக் கிடைத்த பதக்கத்தைப் பெருமையுடன் முதலில் வைப்பவர்கள் உண்டு. ஆனால் வெளிநாட்டு, ஐ.நா. பதக்கங்கள் எல்லா இந்தியப் பதக்கங்களுக்கும் பின்னர்தான் வர வேண்டும். ஒன்பதாண்டு நீள்பணிப் பதக்கம் சேனா மெடலுக்கு முன்னால் வர முடியாது. வீரத்துக்கான விருதுகளில் வீர் சக்ரா சௌர்ய சக்ராவுக்கு முன்னே நிற்கும். பத்மஸ்ரீ அவை இரண்டுக்கும் மேல். மெடலும் அதற்குரிய ரிப்பன் பட்டையும் ஒரே நேரத்தில் வேண்டாம், ஏதேனும் ஒன்றே போதும். சிறு அளவு மெடல்கள் மாலை விருந்து உடைக்கு உரியவை. காலைக் கொடியேற்றத்துக்கு அல்ல.

எந்தப் பதக்கத்துக்கு உரிமை உண்டு என்பதை, பணியிலிருந்து விடுபடும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள பதிவுதான் சொல்லும். அதில் விடுபட்டிருந்தால், பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிச் சரிசெய்துகொள்ள வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. கன்டோன்மென்ட் கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிக் குத்திக்கொள்வது, உடன் பணியாற்றியவர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடும் பொய். சங்கமே வெள்ளிவிழா, பொன்விழா என்று அச்சடித்துக் கொடுக்கும் மெடல்களுக்கு அரசுப் பதக்க வரிசையில் இடமில்லை.

படைச் சின்னங்களும் அப்படித்தான். கத்தி வடிவிலான ‘பலிதான்’ முத்திரை பாரா சிறப்புப் படையினருக்கு உரியது. 2019 உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் அது தெரிந்தபோது நாடே விவாதித்தது. ஐசிசி எதிர்த்தது தன் உடை விதிகளைக் காட்டித்தான். ஆனால் அதன்பிறகு அந்த முத்திரை டி-ஷர்ட்டிலும் பைக்கிலும் பரவியது. காலாட்படையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அதைக் குத்திக்கொள்வது எந்த வகையிலும் பொருந்தாது. 1803 அசாயே போரை நினைவூட்டும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் யானைச் சின்னத்தை எல்லாப் பிரிவினரும் சேர்ந்திருக்கும் மாவட்டச் சங்கம் தன் முத்திரையாக வைத்துக்கொள்வதும் அப்படியே. பீரங்கிப் படையிலும் சிக்னல்ஸிலும் இருந்தவர்கள் அதன் கீழ் எப்படி நிற்பார்கள்?

சங்கத்தின் கடிதத் தாளிலும் செயலாளரின் விசிட்டிங் கார்டிலும் நான்முகச் சிங்கத்தை அச்சிடுவது இவற்றைவிடக் கடுமையான தவறு. அரசுச் சின்னத்தின் முறையற்ற பயன்பாட்டைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. 2007இல் வந்த விதிகள், ஓய்வு பெற்ற அரசு அலுவலர்களும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறுகின்றன.

பெயர்ப்பலகையில் ‘கர்னல் (ஓய்வு) இன்னார்’ என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். ஓய்வு பெறுவது ஆள்தான், பதவி அன்று என்பது ராணுவத்தின் நிலைப்பாடு. எனவே ‘கர்னல் இன்னார் (ஓய்வு)’ என்பதே முறை. குடியரசு நாளிலோ சுதந்திர நாளிலோ கௌரவ கேப்டன் பதவி பெற்ற சுபேதார் மேஜர், ‘கௌரவ’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

கொடியேற்றத்தின்போது சீருடையில் இருப்பவர்கள் சல்யூட் செய்ய வேண்டும், மற்றவர்கள் கொடியை நோக்கி நேராக நிற்க வேண்டும் என்கிறது கொடிச் சட்டத்தொகுப்பு. பிளேசர் சீருடை ஆகாது. இருபதாண்டுப் பழக்கத்தில் கை தானாகவே உயர்ந்துவிட்டால், அதை நான் பிழையென்று எழுத மாட்டேன்.

மறைந்த வீரரின் பதக்கங்களை அவருடைய மனைவியோ பிள்ளைகளோ நினைவுச்சின்ன அஞ்சலிக்கு அணிந்து வரும்போது அவற்றை வலது மார்பில் அணிய வேண்டும். இதைப் பல சங்கங்கள் குடும்பத்தாருக்குச் சொல்வதே இல்லை. மேடையில் ஏற்றிய பிறகு பலர் முன்னிலையில் கழற்றி மாற்றிக் குத்துவதைவிட, அழைப்பிதழ் கொடுக்கப் போகும்போதே வீட்டில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லி, ஊசியையும் வலப்பக்கமாகக் குத்திக் காட்டிவிட்டு வரலாம்.